சனிக்கிழமை மிச்சம் வந்த மூன்று ஜெல்

கேள்வி: எனக்கு வயது 38, எடை 70 கிலோ. நான்கு வருடமாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். போன வருடம் முதல் தடவையாக சனி, ஞாயிறு என்று அடுத்தடுத்த நாளில் இரண்டு சைக்கிள் மாரத்தான் பந்தயங்களில் கலந்துகொண்டேன். இரண்டும் காலை 7 மணிக்குத் தொடக்கம். சனிக்கிழமை 75 கி.மீ.யை 4 மணி 50 நிமிடத்தில் முடித்து என் பிரிவில் 11ஆவதாக வந்தேன். உடம்பு அவ்வளவு நன்றாக இருந்தது. வழியில் சாப்பிடக் கொண்டுபோன ஐந்து எனர்ஜி ஜெல் பொட்டலங்களில் மூன்றைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு பாட்டில் பானம், மற்றபடி வெறும் தண்ணீர்தான். பரிசளிப்பு முடிந்து மூன்று மணிக்கு மேல் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை 60 கி.மீ. பந்தயம். 35ஆவது கிலோமீட்டர் ஏற்றத்தில் இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டன, விலகிவிட்டேன். எவ்வளவு மிதித்தும் இதயத்துடிப்பு 150ஐத் தாண்டவில்லை. வாட்ச் கோளாறா? இந்த வருடம் அதே இரண்டு பந்தயங்கள், அதற்கு அடுத்த ஞாயிறு 6 மணி நேரச் சுற்றுப் பந்தயம் ஒன்று என்று மூன்றுக்கும் பதிவு செய்துவிட்டேன். இன்னும் 12 வாரம் இருக்கிறது. மூன்றையும் முழு மூச்சாக ஓட்ட முடியுமா? பிடிப்புக்கு உப்பு மாத்திரை, வலிக்கு முன்கூட்டியே ஒரு வலி மாத்திரை, சாயங்காலம் ஐஸ் தண்ணீர்க் குளியல் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவன் அந்த மூன்று ஜெல்லில் நின்றுவிட்டேன். நீங்கள் அதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ ஞாயிற்றுக்கிழமை தொடை பிடித்ததற்கான காரணத்தில் பாதி சனிக்கிழமை உங்கள் ஜெர்ஸியின் பின்பையிலேயே இருந்ததாகத் தோன்றுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஜெல்லில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து. இரண்டு ஜெல், 50 கிராம். அந்த ஒரு பாட்டில் பானத்தில் தாராளமாக 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 90. ஏறக்குறைய ஐந்து மணி நேரத்துக்கு இவ்வளவுதான் உள்ளே போயிருக்கிறது. மணிக்கு 20 கிராம்கூட இல்லை. இந்த நீளப் பந்தயத்துக்கு மணிக்கு 60 கிராமாவது வேண்டும். அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 290 கிராம் சாப்பிட்டிருக்க வேண்டும். 200 கிராம் துண்டு விழுந்திருக்கிறது.

துண்டு விழுந்தும் உடம்பு நன்றாக இருந்ததே என்பீர்கள். இருக்கும். தசைகளில் 400, 500 கிராமும் ஈரலில் ஒரு 100 கிராமுமாக கிளைகோஜன் என்ற கையிருப்பு எல்லோரிடமும் உண்டு. சனிக்கிழமை நீங்கள் அதைச் செலவழித்து ஓட்டினீர்கள். பந்தயம் அன்றோடு முடிகிறது என்றால் தப்பே இல்லை, அப்புறம் ஒரு வாரம் நிதானமாக நிரப்பிக்கொள்ளலாம். மறுநாள் காலை 7 மணிக்கு அடுத்த பந்தயம் இருக்கிறவர் அப்படிச் செலவழிக்க முடியாது. காலியான கையிருப்பு முழுதாக நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலே ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகும். உங்களுக்குக் கிடைத்ததே 19 மணி நேரம். அதில் முதல் மூன்றைப் பரிசளிப்புக்குக் கொடுத்துவிட்டீர்கள். தசை மாவுச்சத்தை மிக வேகமாக உள்ளே இழுத்துக்கொள்வது அந்த முதல் சில மணி நேரத்தில்தான்.

மூன்றையும் முழு மூச்சாக ஓட்ட முடியுமா என்ற கேள்விக்கு என் பதில் முடியாது என்பதுதான். மூன்றையும் ஓட்ட முடியுமா என்று கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். முதல் இரண்டையும் நன்றாகவே ஓட்டலாம். மூன்றாவதைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

தென்னாப்பிரிக்காவில் 2004இல் தொடங்கிய கேப் எபிக் பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எட்டு நாள், இருவர் ஒரு குழு. வழி நெடுக அந்த இருவருக்கும் இடையில் 2 நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழக்கூடாது என்பது அங்கே விதி. வலுவானவர் முன்னால் பறந்து போய்ப் பிரயோசனமில்லை. காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். அடுத்தடுத்த நாளில் ஓட்டப்போகிறவர்களிடம் நான் சொல்வது, சனிக்கிழமை ஓட்டும் நீங்களும் ஞாயிற்றுக்கிழமை ஓட்டும் நீங்களும் அப்படி ஒரு குழு என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். போன வருடம் சனிக்கிழமைக்காரர் ஞாயிற்றுக்கிழமைக்காரரை நடுக்காட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார். அமெரிக்காவின் லெட்வில் மாதிரிப் பந்தயம் வேறு. 100 மைல், கடல் மட்டத்துக்கு 3000 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊரில் தொடக்கம், 12 மணி நேரம் கெடு, ஒரே நாள். அங்கே கோட்டைத் தாண்டியதும் கீழே விழுந்து கிடந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

உங்களுக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. ஓட்டப்பந்தய மாரத்தான் ஓடியவர் மறுநாள் படி இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் அதன் நார்கள் கிழிபடுகின்றன. மிதிக்கும்போது தசை பெரும்பாலும் சுருங்கித்தான் வேலை செய்கிறது. அந்த மாதிரிக் கிழிசல் குறைவு. அதனால்தான் சைக்கிளில் எட்டு நாள் தொடர்ந்து பந்தயம் வைக்கவே முடிகிறது. சோறும் தூக்கமும் சரியாகக் கிடைத்தால் கால் மறுநாளும் வேலைக்கு வந்துவிடும்.

இனி சனிக்கிழமையை எப்படி ஓட்டுவது என்று பார்ப்போம். பந்தயத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் மூன்றில் ஒரு பங்கு முழுக்க, பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் போங்கள். வார்த்தை வார்த்தையாக மூச்சு வாங்கிப் பேச வேண்டியிருந்தால் வேகம் அதிகம். இது சுலபமாகத் தோன்றும். விசில் ஊதியதும் முன்னால் ஒரு கூட்டம் பறக்கும், ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சிங்கிள் டிராக் பாதைக்குள் முதலில் நுழைய எல்லோரும் முண்டுவார்கள், உங்களைவிட மெதுவானவர் என்று உங்களுக்குத் தெரிந்த ஒருவர் உங்களைத் தாண்டிப் போவார். அந்த ஐந்து நிமிடம்தான் கஷ்டம். விட்டுவிடுங்கள். நீளமான முதல் ஏற்றத்தில் மிக லேசான இரண்டு மூன்று கியர்களைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். பெரிய கியரில் திணறி மிதித்தால் கையிருப்பு வேகமாகக் கரையும். நடுப்பங்கில் உங்கள் வழக்கமான பந்தய வேகம் போதும். கடைசிப் பங்கில் கால் இருந்தால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் கடைசி ஏற்றத்தில் எழுந்து நின்று துரத்துகிற வேலை வேண்டாம். 11ஆவது இடம் 16 ஆகலாம். அதைத் தாங்க முடியாது என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தை இப்போதே ரத்து செய்துவிட்டு சனிக்கிழமையை மனதாரக் கொளுத்துங்கள். அதுவும் ஒரு நேர்மையான முடிவுதான், நான் குறை சொல்லமாட்டேன். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் நஷ்டம்.

சாப்பாட்டுக்கு வாட்சில் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை மணி வையுங்கள். பசிக்கும்போது சாப்பிடலாம் என்று விடாதீர்கள், பந்தயத்தில் பசி தாமதமாகத்தான் தெரியும். கரடுமுரடான இறக்கத்தில் கை எடுக்க முடியாது என்பதால், ஏற்றம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் ஒரு வாய், சமதளத்தில் ஒரு வாய் என்று வழியை முன்கூட்டியே பார்த்து இடம் குறித்துவைக்க வேண்டும். எத்தனையோ பேர் ஹேண்டில்பாருக்குக் கீழே குழாயில் ஒரு காகிதத் துண்டை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்: 12, 19, 27 என்று வெறும் கிலோமீட்டர் எண்கள். ஏடாகூடமான இடத்தில் ஜெல்லைக் கிழிக்கப் போய்க் கீழே விழுந்து சிராய்த்த முழங்கையோடு வருபவர்களைவிட அவர்கள் நன்றாக இருக்கிறார்கள்.

மணிக்கு 60 கிராமைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் குளுக்கோஸ் மட்டும் போதாது. குடல் குளுக்கோஸை ஒரு வாசல் வழியாகவும் ஃப்ரக்டோஸை இன்னொரு வாசல் வழியாகவும் உள்ளே விடுகிறது. முதல் வாசல் மணிக்கு 60 கிராம் அளவில் நெரிசலாகிவிடும். இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை போகலாம். சாதாரணச் சர்க்கரையே இரண்டும் பாதிப்பாதி சேர்ந்ததுதான், அதனால் விலை உயர்ந்த பொடி வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஒன்று மட்டும் நிச்சயம்: பழக்கமில்லாத வயிற்றில் 90 கிராமைத் திணித்தால் அது பந்தயத்தின் நடுவிலேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். இந்த 12 வாரத்தில் நீளமான பயிற்சி நாட்களில் 40இல் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றுங்கள். கால் மாதிரியே குடலும் பழகும்.

கோட்டைத் தாண்டியதிலிருந்து முதல் நான்கு மணி நேரம் அடுத்த பந்தயத்தின் முதல் பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடைக்கு மணிக்கு 70 முதல் 80 கிராம் மாவுச்சத்து. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம், 250 கிராம் சோற்றில் 70 கிராம் என்று தோராயமாக மனதில் வைத்தால் போதும். கூடவே ஒவ்வொரு வேளையும் 20, 25 கிராம் புரதம். பந்தயம் முடிந்த முதல் அரை மணியில் திடமாக எதுவும் இறங்காது, ஆகவே ஒரு பாட்டில் இனிப்பான பானத்தை முன்கூட்டியே கலந்து முடிவுக் கோட்டருகே யாரிடமாவது கொடுத்துவையுங்கள். பரிசளிப்புக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கையில் சாப்பாட்டோடு போங்கள்.

இன்னொன்று, அந்த ஈர ஷார்ட்ஸோடு நின்று பேசாதீர்கள். வியர்வை, உராய்வு, கிருமி மூன்றும் சேர்ந்துதான் உட்காருமிடத்தில் புண் வருகிறது. மறுநாள் அதே சீட்டில் நான்கு மணி நேரம் உட்கார வேண்டியவர் நீங்கள்தான். வந்து பத்து நிமிடத்துக்குள் கழற்றுங்கள், கழுவுங்கள், உலர்த்துங்கள். மறுநாளைக்கு ஏற்கெனவே போட்டுப் பழகிய வேறொரு ஷார்ட்ஸ்.

அப்புறம் வண்டி. சாப்பிட்ட கையோடு, படுப்பதற்கு முன்னால் வண்டியைப் பார்த்துவிட வேண்டும். பல வருடம் முன்பு இப்படி இரண்டு நாள் பந்தயம் ஒன்றில், முதல் நாள் சாயங்காலம் என் பின்டயரின் ஓரத்தில் சீலண்ட், அதாவது ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம், ஈரமாக மினுங்கியதைப் பார்த்தேன். கட்டைவிரலால் துடைத்தேன், மறுபடி கசியவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலை 5:30க்கு டார்ச் அடித்துப் பார்த்தால் டயர் சப்பையாக உட்கார்ந்திருக்கிறது, உள்ளே ஒரு சொட்டு சீலண்ட் இல்லை. காலை உணவை நின்றுகொண்டே விழுங்கி, கை முழுக்க வெள்ளைப் பிசினோடு தொடக்கக் கோட்டுக்கு ஓடினேன். இரவில் பத்து நிமிடம் செலவழித்திருந்தால் முடிந்திருக்கும் வேலை.

வண்டியைத் தண்ணீர் பீய்ச்சி அல்ல, வாளித் தண்ணீரில் தூரிகை போட்டுக் கழுவுங்கள். பேரிங்குக்குள் தண்ணீர் போகாது. செயினைத் துடைத்துக் காயவிட்டு எண்ணெய். டயரை மெதுவாகச் சுற்றி ஒவ்வொரு வெட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். சக்கர அச்சு, ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மின் போல்ட், கியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்பதெல்லாம் கண்ணாலும் கையாலும் ஒரு சுற்று. முக்கியமானது பிரேக் பேட். சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சேறும் மழையுமான ஒரே நாளில் மென்மையான ஆர்கானிக் பேட் முழுதாகத் தேய்ந்துவிடும். உராய்வுப் பகுதி ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மாற்றினால் அப்படியே படுக்கப் போகக்கூடாது. புதுப் பேட் டிஸ்க்கோடு பழகாமல் சரியாகப் பிடிக்காது. சமதளத்தில் வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அழுத்தி, நடைவேகம் வந்ததும் விட்டு, இப்படி ஒரு இருபது தடவை. அது காலுக்கும் ஒரு மெல்லிய சுழற்சி.

பந்தயத்தன்று இரவு தூக்கம் வராது, வரவில்லையே என்று பதறாதீர்கள். உடம்பு இன்னும் பந்தயத்திலேயே இருக்கும். கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம்போல ஆகும் என்பதால் சனிக்கிழமை கடைசி கஃபீன் ஜெல் பந்தயத்தோடு முடியட்டும். அந்த ஒரு இரவை நம்பாமல் வியாழன், வெள்ளி இரவுகளில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கி வையுங்கள். சனிக்கிழமை இரவு இருட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தாலே பாதி வேலை நடக்கும்.

உங்கள் வாட்சில் கோளாறு இல்லை. களைத்த உடம்பில் இதயத்தைத் தூண்டும் நரம்புச் சைகை மந்தமாகிறது. கூடவே, கடுமையான நீண்ட உழைப்புக்கு மறுநாள் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுகிறது. இரண்டும் சேர்ந்து அதே உழைப்புக்கு இதயத்துடிப்பு பத்துப் பதினைந்து குறைவாகக் காட்டுவது சகஜம். நீங்கள் அந்த எண்ணைப் பழைய இடத்துக்கு ஏற்றப் பார்த்திருக்கிறீர்கள். ஏறாத எண்ணைத் துரத்தி மிதித்ததில் தொடைக்கு ஏற்பட்ட செலவு கொஞ்சநஞ்சமாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை வாட்சில் இதயத்துடிப்புப் பக்கத்தையே மறைத்துவிடுங்கள். மூச்சை வைத்து ஓட்டுங்கள். முதல் அரை மணி கால் கட்டை மாதிரி இருக்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 40 நிமிடம் கழித்துத்தான் கால் உண்மையைச் சொல்லும்.

இரண்டாம் நாள் விழுபவர்கள் பெரும்பாலும் இறக்கத்தில் விழுகிறார்கள். காலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருப்போம், ஆனால் முந்தின நாள் பாறையிலும் வேரிலும் அடி வாங்கியது முன்னங்கையும் தோளும். இறக்கம் முழுக்க பிரேக்கை உரசிக்கொண்டே வராமல், திருப்பத்துக்கு முன் ஒரு விரலால் அழுத்தமாகப் பிடித்து, முழுசாக விட்டுவிடுங்கள்; அந்த விட்ட நொடியில் கை ஓய்வெடுக்கும். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம், பிடியை மாற்றுங்கள். சனிக்கிழமை நீங்கள் குதித்துத் தாண்டிய பாறைக்கு ஞாயிற்றுக்கிழமை சுற்றுவழி இருந்தால் சுற்றுவழியில் போங்கள்.

நண்பரின் யோசனைகளுக்கு வருகிறேன். ஐஸ் தண்ணீர்: இரண்டு பந்தயங்களுக்கு நடுவில் உட்காரலாம், வலி குறைந்த மாதிரி இருக்கும். பயிற்சிக் காலத்தில் வழக்கமாக்க வேண்டாம், பயிற்சியின் பலனில் கொஞ்சத்தை அது மழுக்கிவிடக்கூடும். சாப்பிட வேண்டிய நேரத்தில் உட்காராதீர்கள், அவ்வளவுதான். உப்பு மாத்திரை: பிடிப்பை உப்பு மட்டும் தீர்மானிப்பதில்லை. பயிற்சி கொடுத்ததைவிட அதிகமாக மிதித்துக் களைத்த தசைதான் பெரும்பாலும் பிடிக்கிறது. வியர்வையில் உப்புப் பூத்து ஜெர்ஸியில் வெள்ளைக் கோடு விழுகிறவர் என்றால் பானத்தில் உப்பைக் கூட்டுங்கள், தப்பில்லை. வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பதுதான் ஆபத்து; ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தாகத்துக்குக் குடியுங்கள்.

வலி மாத்திரை கூடாது. ஐபுப்ரூஃபன், டைக்லோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். நீர்ச்சத்து இறங்கி, தசை சிதைந்து, சிறுநீரகம் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நாளில் அதன் கழுத்தை நெரிப்பது மாதிரி அது. சனிக்கிழமை மாலை சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால், அதோடு தொடை வீங்கி வலித்தால், ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிட்டு அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல், நெஞ்சில் வலி, விழுந்து தலையில் அடி, இவை எதற்கும் இதேதான். ஹெல்மெட் விரிசல் விட்டிருந்தால் நீங்கள் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் மறுநாள் ஓட்டக்கூடாது.

பயிற்சியைப் பொறுத்தவரை 12 வாரம் தாராளம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சனி, ஞாயிறு இரண்டு நாளும் நீளமாக ஓட்டுங்கள். சனிக்கிழமை மூன்று மணி நேரம், நடுவில் பந்தய வேகத்தில் இரண்டு மூன்று ஏற்றங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணி நேரம் நிதானமாக. சனிக்கிழமை மாலையையும் ஒத்திகை பாருங்கள்: பானம், குளியல், சோறு, வண்டி, படுக்கை. ஒவ்வொரு வாரமும் இப்படிச் செய்தால் பந்தயத்துக்கு முன்பே ஓய்ந்துவிடுவீர்கள். கடைசி இரட்டை நாள் பயிற்சி, பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்னால் முடிய வேண்டும். கடைசி இரண்டு வாரம் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் அங்கங்கே தொட்டுக்கொண்டால் போதும்.

சரி, மூன்றாவது பந்தயம். என்னைக் கேட்டால் இந்த வருடம் விட்டுவிடச் சொல்வேன். விடமாட்டீர்கள் என்பதும் தெரியும், பணம் கட்டியாயிற்று. அப்படியானால் அந்த ஆறு நாளில் பயிற்சி என்று எதுவும் கிடையாது. அந்த வாரம் எவ்வளவு ஓட்டினாலும் உடம்பு வலுவாகாது, களைப்பு மட்டும் சேரும். திங்கள் முழு ஓய்வு. செவ்வாய், புதன் நாற்பது நிமிடம் சும்மா சுழற்றுங்கள். வியாழக்கிழமை காலை எழுந்ததும், படுக்கையில் இருந்தபடியே நாடியை எண்ணுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு அதிகமாக இருந்தாலோ, மாடிப்படி ஏறும்போது தொடை கனத்தாலோ, தொண்டை கரகரத்தாலோ, வீட்டில் எல்லோரிடமும் காரணமில்லாமல் எரிந்து விழுகிறீர்கள் என்று யாராவது சொன்னாலோ போகாதீர்கள். எல்லாம் சரியாக இருந்தால் அன்றைக்கு ஒரு நிமிட வேக ஓட்டம் மூன்று, வெள்ளி ஓய்வு, சனி அரை மணி நேரம். சுற்றுப் பந்தயத்தில் ஒரு வசதி, ஒவ்வொரு சுற்றிலும் உங்கள் கூடாரத்தைக் கடந்துதான் போகப்போகிறீர்கள். நடுக்காட்டில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். மூன்று சுற்று ஓட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம்.

பந்தயம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். எத்தனையாவது இடம் என்பதை விட்டுவிடுங்கள். சனிக்கிழமை ஜெர்ஸிப் பையில் எத்தனை ஜெல் மிச்சம் வந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.